ஆர்டித்துக்குத் திசை தெரியாது

லோர்னா தார்ப்பாயை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்து, அம்மாவின் முகத்தில் வெயில் விழாமல் மறைத்துக்கொண்டு நின்றாள். தோள்பட்டை கடுத்தது. கை மாற்றிக்கொள்ளக்கூட ஆள் இல்லை.

"கீழ போடு. இனிமே வெயில் அவள என்ன பண்ணிடும்?" என்றார் அப்பா மெரில்.

அவள் போடவில்லை. அவர் எதிர்ப்பக்கப் பாறை நிழலில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி மணலைத் தட்டிக்கொண்டிருந்தார். பெண்டாட்டி செத்துக் கிடக்கிறாள், இந்த மனுஷனுக்குக் காலில் மணல் உறுத்துகிறது. 

ஆபத்தில் உதவி கூப்பிடும் கருவியின் பொத்தானை அமுக்கி நேரமாகிவிட்டது. ஷெரீஃப் ஆபீஸிலிருந்து ஹெலிகாப்டர் கிளம்பிவிட்டதாகப் பதிலும் வந்திருந்தது. அதுவரை பாறைகளுக்கு இடையில் இந்த முட்டுச் சந்தில் இவர்கள் இரண்டு பேரும், நடுவில் அம்மா ஆர்டித்தும்தான். ஆர்டித் பாறையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே போயிருந்தாள். தொப்பியை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். தண்ணீர் பாட்டில் காலியாக இருந்தது. அவர்கள்தான் அவளைப் படுக்க வைத்தார்கள்.

வருஷா வருஷம் வெயில் தொடங்கும் சமயத்தில் மூன்று பேரும் எஸ்கலாண்டே பாலைவனப் பக்கம் வந்துவிடுவார்கள். மேட்டில் கூடாரம் போட்டுவிட்டு, ஒரு பாறைச் சந்து வழியாகக் கீழே பெரிய பள்ளத்தாக்குக்கு இறங்கி, புதிது புதிதாகப் பக்கச் சந்துகளுக்குள் நுழைந்து பார்ப்பது வழக்கம். அங்கே மெரில் வைத்ததுதான் சட்டம். அவருக்கு ஒன்றைக் கண்டால் மட்டும் ஆகாது. வழி அடையாளத்துக்கு என்று நடக்க வருகிறவர்கள் மூன்று நான்கு கல்லை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைப்பார்களே, அது. எங்கே பார்த்தாலும் ஒரு உதை விடுவார். வழி தெரியாதவன் வீட்டில் கிடக்க வேண்டியதுதானே என்பார்.

அன்று காலை அந்தச் சந்திலிருந்து வெளியே வந்ததும் லோர்னா திரும்பிப் பார்த்தாள். ஒட்டினாற்போல் மூன்று சந்துகள், மூன்றுக்கும் ஒரே மாதிரி வாய். பேசாமல் நான்கு கல்லை அடுக்கி வைத்துவிட்டு முன்னால் நடந்தாள். அம்மா நடுவில் வந்தாள். அப்பா கடைசியாக வந்தார்.

ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே அப்பா அம்மாவிடம் ஆரம்பித்துவிட்டார்.

"உன்னால எல்லாரும் நின்னு நின்னு போக வேண்டியிருக்கு. ஆமை கூட முந்திடும்."

அம்மா நின்றாள். பையை மாட்டிக்கொண்டு, "நான் கூடாரத்துக்குப் போறேன். நீங்க ரெண்டு பேரும் ஆசை தீரப் பாத்துட்டு வாங்க" என்றாள்.

"சந்து வாசல்ல கல்லு அடுக்கி வெச்சிருக்கேம்மா. அதப் பாத்து ஏறு" என்று லோர்னா சொன்னாள். அம்மா தலையாட்டிவிட்டுப் போனாள். அதுதான் கடைசி.

மத்தியானத்துக்கு மேல் அப்பா காட்டிய வேறொரு வழியாக மேடேறித் திரும்பி வந்தால் கூடாரத்தில் அம்மா இல்லை. தேடி இறங்கியபோதுதான் லோர்னா அந்தக் கற்களைப் பார்த்தாள். திசைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடந்தன. அப்போது கேட்க நேரமில்லை. இப்போது இருந்தது.

"எப்ப உதைச்சீங்க?"

மெரில் பூட்ஸை மாட்டினார். "எத?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

"காலைல. நீ கட்டின உடனே. என் கொள்கை உனக்குத் தெரியாதா?"

"நான் அம்மாகிட்ட கல்லப் பாத்து ஏறுன்னு சொன்னப்ப நீங்க பக்கத்துலதான் நின்னீங்க."

அவர் லேஸைக் கட்டினார். ஒரு காலுக்கு இவ்வளவு நேரமா என்று இருந்தது.

"காதுல விழுந்துச்சா இல்லயா?"

"விழுந்துச்சு."

"அப்ப ஏன் வாயத் தொறக்கல?"

"சொன்னா நீ அங்கயே ஆடித் தீத்திருப்ப. ஒரு நாள் நிம்மதியா நடக்க விடுவியா நீ? எத்தன வருஷமா கூட வரா, ஒரு சந்து தெரியாதான்னு நெனச்சேன்."

லோர்னா தார்ப்பாயை இன்னும் இழுத்துப் பிடித்தாள். காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. வாயில் எச்சில்கூட இல்லை.

தேய்ன் இரண்டு ஆட்களோடு ஸ்ட்ரெச்சர் தூக்கிக்கொண்டு வந்தான். ஷெரீஃப் ஆபீஸ்காரன், அவர்கள் போகிற அதே சர்ச்சுக்குத்தான் அவனும் போகிறவன். ஆர்டித்தின் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றினான்.

"என்ன ஆச்சு மெரில் அண்ணே?"

"வழி தவறிட்டா. அவளுக்கு எப்பவும் திசை தெரியாது, உனக்குத்தான் தெரியுமே" என்றார் மெரில். "நம்ம சர்ச் பிஷப்புக்குச் சொல்லணும்ப்பா."

தேய்ன் தலையாட்டினான். ஆர்டித்துக்குத் திசை தெரியாது என்பது ஊரறிந்த சங்கதி. சர்ச் விருந்துகளில் மெரில் வாய் வலிக்காமல் சொல்லிச் சிரிக்க வைக்கிற கதை அது. ஆர்டித்தும் கூடச் சிரிப்பாள். செத்த பிறகும் பழியை அவள் தலையிலேயே கட்டிவிட்டாரே என்று லோர்னாவுக்கு ஆத்திரம் முட்டியது.  ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

பெரிய பள்ளத்தாக்குக்கு வந்ததும், "தேய்ன், கொஞ்சம் நில்லுங்க" என்றாள்.

மூன்று சந்துகளுக்கும் முன்னால் மணல் பட்டையாக ஓடியது. காலையில் அவர்கள் பாறைத் திட்டின் மேலேயே நடந்திருந்ததால் அதில் வேறு காலடி இல்லை. தேடி இறங்கியபோதும் லோர்னா அப்பாவையும் அதை மிதிக்க விடாமல் பாறையோரமாக ஒதுங்கித்தான் போயிருந்தாள். அம்மாவின் சின்ன பூட்ஸ் தடம் மட்டும் தெளிவாகப் பதிந்திருந்தது.

"இத பாருங்க. நேரா எங்க வந்திருக்காங்க?"

தேய்ன் குனிந்து பார்த்தான். தடம் எங்கேயும் தடுமாறாமல் வளைந்து, சரியான சந்தின் வாசலுக்கே வந்து நின்றிருந்தது. அங்கே மணல் நிறைய மிதிபட்டிருந்தது. ரொம்ப நேரம் நின்றிருக்கிறாள். பிறகு தடம் அடுத்த சந்துக்குப் போயிருந்தது. அங்கிருந்து திரும்பி மறுபடி இங்கே வந்து நின்றிருந்தது. அப்புறம்தான், இப்போது அவளைத் தூக்கி வந்த அந்த மூன்றாவது சந்துக்குள் நுழைந்திருந்தது.

"சரியாத்தானே வந்திருக்காங்க. ஏன் ஏறல?" என்றான் தேய்ன்.

"கல்லு இருக்கும்னு நான் சொல்லி அனுப்பினேன். கல்லு இல்ல. அதனால இது இல்லன்னு போயிட்டாங்க." லோர்னா அப்பா பக்கம் கை காட்டினாள். "மிச்சத்த அவர் வாயாலயே கேளுங்க. அம்மாவுக்குத் திசை தெரியலன்னு மட்டும் எழுதிடாதீங்க."

மெரில் அந்தத் தடங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் போகவில்லை.

"நான்தான் கலைச்சேன்" என்றார் கடைசியில். சற்றுப் பொறுத்து, "கல்லு அடுக்கக் கூடாதுங்கறது நியாயம்தானேப்பா?" என்றும் கேட்டார்.

தேய்ன் ஸ்ட்ரெச்சரைத் தூக்கச் சொல்லி ஆட்களுக்குக் கை காட்டினான். அதன் பிறகு அவன் அவரை அண்ணே என்று கூப்பிடவில்லை.

ஹெலிகாப்டர் மணல் திட்டில் நின்றிருந்தது. ஸ்ட்ரெச்சரை உள்ளே ஏற்றிப் பட்டையால் கட்டினார்கள்.

"கூட ஒருத்தர்தான் உக்காரலாம்" என்றான் தேய்ன். "இன்னொருத்தர் எங்களோட மேட்டுக்கு ஏறி உங்க வண்டிய எடுத்துட்டு வரணும்."

மெரில் தொப்பியை அழுத்திக்கொண்டு முன்னால் வந்தார். புருஷன்காரன், அவருக்குத்தான் அந்த இடம் என்று ஆட்களும் விலகி வழிவிட்டார்கள். லோர்னா அவருக்கும் கதவுக்கும் நடுவில் போய் நின்றாள்.

"நீங்க நடந்து வாங்க. உங்களுக்குத்தான் வழி தெரியுமே."

"லோர்னா, அவ என் பெண்டாட்டி."

"தள்ளுங்க."

அவர் தேய்னைப் பார்த்தார். தேய்ன் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஏறி உட்கார்ந்து கதவை இழுத்துச் சாத்தினாள்.

விசிறி சுழன்று மணல் எழும்பியது. கீழே அப்பா கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றார். லோர்னா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அம்மாவின் நெஞ்சுக்குக் குறுக்கே பட்டையை ரொம்ப இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அவள் அதைக் கொஞ்சம் தளர்த்திவிட்டாள்.