அரைஞாண் முடிச்சு

அண்ணனின் கணையத்தில் பதினோரு மில்லிமீட்டரில் ஒரு கல். டாக்டர் அதை ஸ்கேனில் காட்டிய அன்றைக்கே, வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் நான் ஆறு வீடியோ பார்த்து முடித்துவிட்டேன். வயிற்றைக் கிழிக்க வேண்டாம். வெளியிலிருந்தே அதிர்வலை அனுப்பிக் கல்லை உடைப்பார்கள். ஒரு தடவைக்கு ஐயாயிரம் அதிர்வு வரைக்கும். தூளை அப்புறம் வாய் வழியாகக் குழாய் விட்டு எடுத்துவிடலாம். எனக்கு அந்த மெஷினைப் பார்க்க வேண்டும் போலவே இருந்தது.

"குடிக்காத ஆளுக்கு அங்க எப்பிட்றா கல்லு வரும்?"

அண்ணன் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். பெயர் அய்யப்பன், வயது முப்பத்தாறு, வைத்திக்குப்பத்தில் சொந்தமாக ஒரு ஃபைபர் போட் வைத்திருக்கிறார். ஒரே வருடத்தில் பதினாலு கிலோ இறங்கியிருந்தார். ஒளிந்து குடிக்கிறார் என்று குப்பமே பேசியது.

"குடிக்காதவங்களுக்கும் வருமாம்ணா. டாக்டரே சொன்னாரு. மெஷின்ல படுத்தா முடிஞ்சுது மேட்டரு."

"நீ படுத்துப் பாத்தியா?"

அண்ணி சத்யப்பிரியாவுக்கும் பயம்தான். இரண்டு பேரையும் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தது நான்.

சேர்த்த அன்று காலையில் சுலோசனா சிஸ்டர் வந்து மோதிரம், செயின் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். "இடுப்புக் கயிறையும் கழட்டிடுங்க. தாயத்து எக்ஸ்ரேல மறைக்கும்."

அண்ணன் கயிற்றைக் கையால் மூடிக்கொண்டார். "அது மட்டும் வராதும்மா. எங்கப்பா காசிலிங்கம் செத்தன்னிக்கி அவரு கயிற நான்தான் அறுத்தேன். பொணத்துக்குத்தான் அறுப்பாங்க. உசுரோட இருக்கறவனுக்கு எவன் அறுப்பான்?"

"யாரு அறுக்கச் சொன்னா? தொடை வரைக்கும் எறக்கி உட்டுக்கங்க, போதும்," என்று சிரித்தார் சிஸ்டர்.

இளைத்த உடம்பில் கயிறு வழுக்கிக்கொண்டு இறங்கியது. அதைப் பார்த்து அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதுகில் ஊசி போட்டு நெஞ்சுக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். தூங்கவும் ஒரு மருந்து. டேபிளில் அப்படி இப்படித் திருப்பிப் படுக்க வைத்ததில் கயிறு மறுபடி மேலே ஏறிவிட்டது. வாசலில் நின்ற என்னை உள்ளே கூப்பிட்டார் சிஸ்டர்.

"தம்பி, உங்கண்ணன் பெரிய கண்டிஷன் போட்டாரே, நீயே வந்து எறக்கி உடு. மெதுவா."

இழுத்தேன். அண்ணனின் எடைக்கு அடியில் சிக்கிக்கொண்டு வரவில்லை. கால்கள் தண்ணீரில் ஊறிய கட்டைபோல் கனத்தன. இன்னொரு ஆளைக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்லியிருக்கலாம். பக்கத்து ட்ரேயில் கத்தரிக்கோல் இருந்தது. சிஸ்டர் அந்தப் பக்கம் திரும்பி ஜெல் எடுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு நொடி வேலை. தாயத்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன், கயிற்றைக் குப்பைக் கூடையில் போட்டேன். அதற்குள் மெஷின் ஆரம்பித்துவிட்டது. டக். டக். டக். கண்ணாடிக்கு வெளியே நின்று திரையில் அந்த வெள்ளைப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் என் நினைவில் இல்லை.

முடிந்ததும் டாக்டர் வெளியே வந்தார். "பாதிதான் ஒடஞ்சிருக்கு. நாளைக்கு ரெண்டு மணிக்கு மறுபடியும் வைக்கணும். நடுவுல உட்டீங்கன்னா துண்டு நகந்து கணையக் குழாய அடச்சிக்கும். கணையம் வீங்கிடும். உசுருக்கே ஆபத்து."

கயிறு அறுந்தது தெரிந்தால் அண்ணன் நாளைக்கு டேபிளில் படுக்கமாட்டார். நான் கூடையைத் தேடி ஓடினேன். காலி பண்ணிப் புதுப் பை மாட்டியிருந்தார்கள்.

வெளியே கடையில் கறுப்புக் கயிறு வாங்கி, அதே தாயத்தைக் கோத்து, மரப்பு தெளிவதற்குள் அண்ணன் இடுப்பில் கட்டிவிட்டேன். அச்சு அசல் அதேதான். அண்ணிகூடக் கண்டுபிடிக்கவில்லை.

மறுநாள் காலை அண்ணன் போர்வைக்குள் கையை விட்டார். விரல்கள் ஒரே இடத்தில் வெகுநேரம் நின்றன.

"இது யாரு போட்ட முடிச்சு?"

"என்னாண்ணா?"

"எட்டு வயசுலேந்து வலைக்கு முடிச்சுப் போடறேன். இது ஷூவுக்குப் போடற முடிச்சு."

வீட்டில் ஷூ போடுகிறவன் நான் ஒருவன்தான். சொல்லிவிட்டேன்.

அண்ணன் கத்தவில்லை. "எப்ப அறுத்த?"

"நீ மயக்கத்துல இருந்தப்ப."

"காலு?"

"மரத்துப் போயிருந்துச்சு."

"அப்ப பொணத்துக்குத்தான அறுத்திருக்க."

கயிற்றை உருவித் தாயத்தோடு என் மடியில் போட்டார். டாக்டர் சொன்னார், சிஸ்டர் கெஞ்சினார். பத்து மணிக்குத் தன் பொறுப்பில் போவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நடந்தார். ஆட்டோவில் அண்ணி ஒரே ஒரு தடவை என்னிடம் பேசினார். "நீயே இட்டாந்த முகிலா. நீயே வெரட்டியும் உட்டுட்ட."

மத்தியானம் அண்ணன் கரைக்குப் போனார். முந்தாநாள் போட்ட நண்டு வலை கடலில் கிடக்கிறதாம். கூடப் போகிற ஆட்கள் காலையிலேயே வேறு போட்டில் போயிருந்தார்கள். சொன்னால் கேட்கிறவர் இல்லை. தனியாக விடவும் முடியவில்லை. போட்டைத் தள்ளுகிற சாக்கில் நானும் ஏறிக்கொண்டேன். பாலிடெக்னிக் முடித்த எனக்குக் கடலுக்குள் போவது அதுதான் முதல் தடவை.

"வா. வெயிட்டுக்காவது ஆவ."

கரையில் லைட் ஹவுஸ் விரல் அளவுக்குச் சுருங்கியபோது என் போன் அடித்தது. சுலோசனா சிஸ்டர். "தம்பி, டேபிள் ரெடியா இருக்கு. வலி கிலி வந்துச்சுன்னா ஒடனே..." அதோடு லைன் போய்விட்டது.

"அண்ணா, திருப்புண்ணா. கால்ல உழுறேன்."

"வலைய எடுத்துட்டு."

என்ஜினை மெதுவாக ஓட விட்டுவிட்டுக் குனிந்து வலையை இழுத்தார். இரண்டு நண்டு வந்தது. மூன்றாவது இழுப்பில் கை நின்றது. குனிந்தவர் நிமிரவில்லை. விலாவுக்குக் கீழே முஷ்டியை வைத்து அமுக்கிக்கொண்டு அப்படியே சரிந்தார். மஞ்சளாக வாந்தி எடுத்தார். முகம் சாம்பலாக இருந்தது.

"முகிலா." குரல் பல்லுக்கு நடுவிலிருந்து வந்தது. "என்ஜின நீ புடி. கரைக்கு உடு."

பிடித்தேன். கரை எனக்கு இடது பக்கம் இருந்தது. கைப்பிடியை இடது பக்கமாகவே முழுசாகத் தள்ளி ஆக்சிலரேட்டரை முறுக்கினேன்.

கைப்பிடிக்கு நேர் எதிராக, போட்டின் மூக்கு வலது பக்கம் கடலைப் பார்த்துத் திரும்பியது.