தேவதத்தன் உருட்டிய மூட்டை

அந்தச் சலவைக்கூடத்தில் புத்தர் நாடகம் போடலாம் என்று ஆரம்பித்ததே அவன்தான். வசனம் எழுதியதும் அவன்தான். சித்தார்த்தன் அரண்மனையை விட்டுக் கிளம்பியதிலிருந்து மரத்தடியில் ஞானம் பெற்றது வரை அத்தனையும் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் சூப்பர்வைசர் அக்கா ஒரே பார்வையில் முடித்துவிட்டாள்.

"புத்தர் உன் தம்பிதான். சும்மா உட்கார்ந்திருந்தாலே அவன் மூஞ்சியில சாந்தம் வழியுது. நீ தேவதத்தனைப் பண்ணு."

தம்பி என்றால் சித்தப்பா மகன். யார் யார் காலிலோ விழுந்து இவன்தான் அவனை இங்கே சேர்த்துவிட்டான். தேவதத்தனும் புத்தருக்குப் பங்காளிதான்; பொறாமையில் மலைமேலிருந்து பாறையை உருட்டி, சில்லு தெறித்துப் புத்தர் காலில் ரத்தம் வரவைத்தவன்.

"பார்த்துத்தான்யா ஆள் போட்டிருக்காங்க," என்று இஸ்திரி போடுகிறவர் கண்ணடித்தார். புத்தர் வேஷம் தனக்கென்று நினைத்துத்தான் அவன் அத்தனை வசனமும் எழுதியிருந்தான்.

பாறைக்காக, காய்ந்த துண்டுகளைச் சாம்பல் நிறப் போர்வையில் கட்டி வைத்திருந்தார்கள். விழுந்தால் பூ விழுந்த மாதிரி இருக்கும். நாடகத்தன்று மதியம், மெஷினிலிருந்து எடுத்த ஈரத் துண்டுகளை அதற்குள் மாற்றிக் கட்டினான். ஈர மூட்டையின் கனம் சலவைக்காரனுக்குத் தெரியாதா?

மேஜைகளை அடுக்கி மலை; உச்சியில் மூட்டையோடு அவன். கீழே, மஞ்சள் சாயம் ஏற்றிய படுக்கை விரிப்பைப் போர்த்தித் தம்பி அமர்ந்திருந்தான்.

"ஊரெல்லாம் உன்னை மட்டும்தான் கும்பிடணுமாடா?"

அவன் எழுதிய வசனத்தில் அப்படி ஒரு வரியே இல்லை. எட்டி உதைத்தான். மூட்டை தொம் தொம்மென்று இறங்கித் தம்பியின் பாதத்தில் விழுந்தது. அலறுவான், எல்லாம் கெடும் என்று காத்திருந்தான். தம்பி இமைகூட அசைக்கவில்லை. கூடமே எழுந்து கைதட்டியது.

திரைக்குப் பின்னால் பார்த்தால், பெருவிரல் கத்தரிக்காயாக வீங்கியிருந்தது.

"உருளும்போதே சத்தத்துல தெரிஞ்சிருச்சு, ஈரம்னு," என்றான் தம்பி.

"அப்புறம் ஏன்டா நகரல?"

"நகர்ந்தா நீங்க எழுதுனது வீணாப் போயிருமே அண்ணா. யாரோ தெரியாம துண்டை மாத்திட்டாங்க போல."

'யாரோ' என்றபோது அவன் முகத்தைத் தம்பி பார்க்கவில்லை. 'மன்னிச்சுக்கடா' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அக்கா தலையை நீட்டி, "நிஜ புத்தரே தோத்தாரு போ!" என்று தம்பியின் தோளைத் தட்டினாள்.

வந்த வார்த்தையை அவன் அப்படியே விழுங்கினான். புத்தர் வேஷம்தான் இல்லையென்று ஆனது. இத்தனை கைதட்டல் வாங்கித் தந்த அந்த அடியாவது தன் காலில் விழுந்திருக்கக் கூடாதா என்றிருந்தது அவனுக்கு.