பத்து மணிக்கு மேல் ஒரு கொப்பரை

கத்திரி வெயில் தொடங்கிய அன்றே ஏலவார்குழலி அம்மாள் தம் சாயப்பட்டறையில் ஒரு சட்டம் போட்டுவிட்டார். விடியும் முன்னே அடுப்பு மூட்ட வேண்டும். பத்து மணிக்கு மேல் எந்தக் கொப்பரையிலும் பட்டு நூல் இறங்கக்கூடாது. கொதிக்கிற சாயத்தின் ஆவியும் தகரக் கூரையின் அனலும் சேர்ந்தால் எந்த ஆளும் தாங்க மாட்டான் என்பது அவர் கட்சி. மீசை முளைத்த நாளிலிருந்து அடுப்படியில் நிற்கிற தினகரனுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

ஒருநாள் தண்ணீர் லாரி வரவே பத்தரை ஆகிவிட்டது. சின்ன காஞ்சிபுரத்து நெசவாளர் அர்ஜுனன் கல்யாணப் புடவைக்குச் சிவப்பு நூல் கேட்டிருந்தார்.

"ஒரே ஒரு கொப்பரைம்மா. அவரு தறி சும்மா நிக்குது," என்றான் தினகரன்.

"வெயிலப் பாத்தியாபா? கொளுத்திக்கினு இருக்குது."

"நாங்க இன்னா வெண்ணெயாம்மா, உருகறதுக்கு?"

தினகரனோடு கொப்பரையில் நிற்கும் இளையவன் சிவராஜை அம்மாள் பார்த்தார். "அண்ணன் நின்னா நானும் நிக்கறேம்மா," என்றான் அவன். அரைமனதாகத் தலையசைத்தார்.

சாயம் போடுவது இரண்டு ஆள் வேலை. கொப்பரைக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன் நின்று, கழியில் தொங்கும் நூலை முக்கிப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சாயம் சமமாக ஏறும்வரை கையை எடுத்தால் நூல் திட்டுத் திட்டாகிவிடும். தினகரன் ஒருநாளும் எடுத்ததில்லை.

சிவராஜ் வாய் ஓயாதவன். "உனுக்கு எதுக்குணா டச் போனு? நீ தொட்டா அதுவும் செவந்துடும்," என்று சீண்டிக்கொண்டிருந்தவன் நடுவில் பேச்சை நிறுத்திவிட்டான்.

"இன்னாடா, சரக்கு தீந்துடுச்சா?"

கழி மட்டும் தாளம் தப்பாமல் புரண்டது. கைதான் ஓடுகிறதே, ஆளுக்கு என்ன கேடு என்று தினகரன் இருந்துவிட்டான். ஆவி விலகியபோதுதான் முகத்தைப் பார்த்தான். தனக்கு வேர்வை கொட்டுகிறது; அவன் முகமோ சொட்டு ஈரமில்லாமல் செங்கல்லாய்ச் சிவந்திருந்தது. கண் எங்கோ நிலைகுத்தி நின்றது.

"சிவராஜ், உம் பொண்ணு பேரு இன்னாடா?"

"பொரட்டுணா... பொரட்டு," என்று நாக்குக் குழறியது.

கை பழக்கத்தில் ஓடுகிறது, ஆள் அதில் இல்லை. தினகரன் கழியைப் போட்டுவிட்டு ஓடினான். நூல் சரிந்து சாயத்தில் மூழ்கியது. சிவராஜ் கொப்பரைப் பக்கம் சாய்வதற்குள் பின்னாலிருந்து அணைத்து, வெளியே இழுத்துப் புங்கமர நிழலில் கிடத்தினான். உடம்பு தோசைக்கல்லாய்ச் சுட்டது. அம்மாள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். தினகரன் ஈரத்துணியை அக்குளில் வைத்து, ஆட்டோ வரும்வரை அட்டையால் விசிறினான்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சிவராஜ் கண் தெளிந்தான். இனிப் பயமில்லை, ஆனால் சில நாள் அடுப்புப் பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர்.

"நூலு?" என்றான் சிவராஜ்.

"கெட்டுப்போச்சு."

"கழிய வுட்டுட்டியா? நீயா?"

"வுட்டாதானடா உன்னப் புடிக்க முடியும்."

வெளியே போன் பேசிவிட்டு அம்மாள் வந்தார். "அர்ஜுனன்கிட்ட சொல்லிட்டேன். ரெண்டு நாள் கழிச்சிக் குடுங்க, அதுக்குள்ள தறிய ரிப்பேர் பாத்துக்கறேன்னாரு."

"அவ்ளோதானா?" என்றான் தினகரன்.

"அவ்ளோதான்."

பொறுக்க முடியுமா என்று காலையிலேயே அர்ஜுனனை ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை. தினகரன் தன் சாயம் படிந்த கைகளைப் பார்த்தான்.

"நான்தாம்மா நச்சரிச்சேன்."

"நான்தான சரின்னேன். இனிமே நீ கேக்காதபா. கேட்டாலும் நான் சரின்னு சொல்லப்போறதில்ல."

சிவராஜ் தண்ணீர் வேண்டுமென்று சைகை காட்டினான். தினகரன் அவன் தலையைத் தாங்கி, டம்ளரை உதட்டருகே பிடித்தான்.