முந்நூறு பவுண்டு பரண்

"அடுத்ததைப் படி," என்றார் மயில்சாமி, கண்ணைத் திறக்காமலே.

மரகதம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போனில் விரலை நகர்த்தினாள். "இது மரத்தோட சேர்த்து பெல்ட் போட்டுக் கட்டறதுங்க. உட்கார்ற எடம் பதினாறு இஞ்சு."

"பத்தாது. கால் வைக்கிற தட்டு?"

"இருபத்தி நாலு."

"வேண்டாம். அடுத்தது."

ரிச்சர்ட்சன் ஊரிலிருந்த அவர்கள் வீட்டு ஹாலில் சோபாவை ஓரம் தள்ளிவிட்டு, கடைசி நாளில் வீட்டுக்கே வந்து கவனிக்கிற ஹாஸ்பிஸ்காரர்கள் கட்டில் போட்டுப் பதினோரு நாளாகிறது. காலையில் வந்த நர்ஸ், இன்றைக்கோ நாளைக்கோ என்று மகள் கயலிடம் தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இப்பேர்ப்பட்ட நாளில் ஒரு மனுஷன் மகளைக் கூப்பிட்டு நாலு நல்ல வார்த்தை சொல்லலாம். பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டம் அழலாம். இவர் மதியத்திலிருந்து பரண் பார்த்துக்கொண்டிருக்கிறார். கடைக்காரன் அதற்கு ட்ரீ ஸ்டாண்ட் என்று பேர் வைத்திருக்கிறான். உடுமலைப்பேட்டைக்காரி மரகதத்துக்கு, உயரத்தில் உட்கார்ந்து பன்றிக்குக் காவல் இருக்கும் எதுவும் பரண்தான்.

ஆமாம், வேட்டைக்காரி அவள்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஆபீஸ் சிநேகிதர் ஒருத்தர் தன் ராஞ்சுப் பண்ணைக்கு மயில்சாமியை அழைத்துப் போய்க் கையில் துப்பாக்கியைக் கொடுத்தார். இவர் காட்டுப்பன்றியைப் பார்த்ததும் "பாவம், குட்டி போட்டிருக்கும்போல" என்று தாழ்த்திவிட்டார். "இங்க கொடுங்க" என்று வாங்கினவள்தான் மரகதம். அன்றைக்குப் பிடித்த பைத்தியம், ஐம்பத்தாறு வயதிலும் விடவில்லை. வருஷா வருஷம் நவம்பரில் மான் சீசன் திறந்தால் அவள் மேலே ஏறுவாள். அவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவள் உட்கார்ந்து இடுப்புப் பட்டையை மாட்டின பிறகுதான் டிரக்குக்குத் திரும்புவார்.

"போன வருஷம் நீ ஏறறப்ப கிரீச்சுன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு," என்றார்.

"அது காத்துங்க."

"காத்து இல்ல. வெல்டு விடற சத்தம்."

செல்போன் டவர் எத்தனை சுமை தாங்கும் என்று முப்பது வருஷம் கணக்குப் போட்ட மனிதரிடம் காற்று என்றால் நம்புவாரா? மேலே ஏறுகிறவன், அவன் பெட்டி, அவன் கயிறு, அன்றைக்கு அடிக்கிற காற்று, எல்லாவற்றுக்கும் எண் வைத்திருந்தவர் அவர்.

"இனி கீழ ஆள் இருக்காது," என்றார். பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "உன் வெயிட் எவ்வளவு?"

மரகதம் போனையே பார்த்தாள். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம். இரண்டு பிரசவம் பார்த்தவர், ஒரு பிள்ளையை அவளோடு சேர்ந்து பறிகொடுத்தவர். அவரிடம் அவள் சொல்லாத ஒரே விஷயம் இதுதான். டாக்டர் ஆபீஸில் தராசில் ஏறும்போதுகூட, "போய்க் கொஞ்சம் தண்ணி கொண்டாங்க" என்று அவரை வெளியே அனுப்பிவிடுவாள்.

"இருநூத்தி முப்பது," என்றாள்.

"சட்டை, பூட்ஸ்?"

"பதினாலு இருக்குங்க."

"துப்பாக்கி எட்டு. பை ஒரு பதிமூணு. எல்லாத்தையும் சேர்த்துத்தான் அவன் லிமிட் போடறான். நெறையப் பேரு ஆளை மட்டும் பாத்துட்டு வாங்கிருவாங்க." உதடுகள் அசைந்தன. "இருநூத்தி அறுபத்தஞ்சு. முந்நூறுல ஒண்ணு பாரு. பட்டைக்கும் தனியா லிமிட் இருக்கும், அதையும் பாரு."

கிடைத்தது. உட்காருமிடம் இருபது இஞ்சு, பின்னால் சாய்மானம், டெஸ்ட் பண்ணின முத்திரை. பரணும் முந்நூறு, பட்டையும் முந்நூறு.

"அம்மா, சீரியஸ்லி? இப்பவா ஷாப்பிங்?" சமையலறை வாசலில் கயல் நின்றாள். பே ஏரியாவிலிருந்து பறந்து வந்து மூன்று நாளாகத் தூங்கவில்லை, கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"ஆர்டர் பண்ணிட்டியா?" என்றார் மயில்சாமி.

"பண்ணிட்டனுங்க."

"இனி கவலை இல்ல." அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி வந்தது. அடுத்த மூச்சில் தூங்கிப்போனார்.

கயல் அவர் நாக்கடியில் மருந்து விட்டுவிட்டுப் போனாள். ஜன்னலுக்கு வெளியே பீக்கன் மரம் ஆடியது. அதன் நிழல் போர்வைமேல் ஏறி, அவர் நெஞ்சுவரை வந்து, திரும்பிப் போனது. மரகதத்துக்கு வீடே தரையைவிட்டு ஒரு பதினைந்தடி மேலே போய்விட்டதுபோல இருந்தது. பரணில் உட்கார்ந்தாலும் இப்படித்தான். செய்வதற்கு ஒன்றும் இருக்காது, சத்தம் காட்டாமல் இருந்தால் போதும். கீழே எங்கேயோ பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சைக்கிள் விட்டார்கள்.

"காத்து எந்தப் பக்கம்?" என்றார் அவர், தூக்கத்தில்.

"தெக்கயிருந்துங்க."

"அப்ப நம்ம வாசனை அதுக்குப் போகாது."

"போகாதுங்க."

"அசையாதே. வந்துட்டு இருக்கு."

என்ன வந்துகொண்டிருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. அசையாமல் இருந்தாள். மார்புக்குள் மட்டும் அந்த இருநூற்று முப்பது குறுகுறுவென்று ஊர்ந்துகொண்டே இருந்தது. தூ, என்ன பொம்பளை நான், சாகக் கிடக்கிறவரிடம் போய்ப் பொய் எடை சொல்லுவாளா ஒருத்தி என்று தன்னையே வைதுகொண்டாள். எழுந்து சமையலறைக்குப் போனாள்.

"கயல், அப்பாகிட்ட நான் முப்பத்தெட்டு பவுண்டு கொறச்சுச் சொல்லிட்டேன்."

கயலுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, ஹீ இஸ் ஹேப்பி. விட்டுடு. அப்புறமா பெரிசா ஒண்ணு வாங்கிக்கலாம். அப்பாவுக்குத் தெரியவே போறதில்ல."

"வாங்கிக்கலாம் கண்ணு. ஆனா அவரு தப்புக் கணக்கோட போவாரே."

"இப்ப சொன்னா டென்ஷன் ஆவார்மா. பீஸ்ஃபுல்லா போகட்டுமே."

அதுவும் நியாயம்தான். மரகதம் திரும்பிவந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சொன்னால் அந்த நிம்மதி போய்விடும். சொல்லாவிட்டால், வாழ்நாளில் ஒரு கூட்டல்கூடப் பிசகாத மனிதரைக் கடைசிக் கூட்டலில் பிசக வைத்து அனுப்பினவள் ஆவாள். அவர் மூச்சு இப்போது விட்டுவிட்டு வந்தது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் அவள் பத்துவரை எண்ண வேண்டியிருந்தது. காது மட்டும் கடைசிவரை கேட்கும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

அவள் குனிந்தாள். வாய் கூசியது. இந்த நேரத்திலும் வெட்கமா என்று எரிச்சலாகவும் வந்தது.

"ஏனுங்க. நான் சொன்னது பொய்ங்க. இருநூத்தி முப்பது இல்ல. இருநூத்தி அறுபத்தெட்டு."

நிழல் போர்வையில் ஏறியது, இறங்கியது. காலம் கடந்துவிட்டது என்று நினைத்தாள்.

அவர் புருவம் லேசாகச் சுருங்கியது.

"கிலோவா, பவுண்டா?"

"அட பாவி மனுசா, பவுண்டுதானுங்க!" மரகதத்துக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொங்கி வந்தன. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப சரி." முகத்தில் வருத்தம் ஒன்றும் இல்லை. மாறாக, புதிதாக ஒரு வேலை கிடைத்தவர்போல அது தெளிந்தது. "முந்நூறு பத்தாது மரகதம். திரும்பப் போடணும்."

"போடுங்க."

வலது கை போர்வைமேல் நகர்ந்தது. ஆள்காட்டி விரல் இரண்டு போட்டது, ஆறு போட்டது, எட்டு போட்டது. அதன் கீழே பதினாலு, அதன் கீழே ஓர் எட்டு. பிறகு பதிமூணு. அடியில் ஒரு கோடு இழுத்தது, நேராக, வலமிருந்து இடம்வரை. ஒன்றாம் இடத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்து, மூன்று எழுதி, மீதி இரண்டை மேலே வைக்கப் போய், அங்கேயே நின்றது.

மரகதம் காத்திருந்தாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்க்கிற மனிதர். அவசரப்படுத்தக் கூடாது.

கயல் டம்ளரில் காப்பி கொண்டுவந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "அம்மா..." என்றாள்.

மரகதம் திரும்பாமலே கையை உயர்த்தி அவளை நிறுத்தினாள்.

"சத்தம் போடாதே கண்ணு. அப்பா கணக்குப் போட்டுட்டு இருக்காரு."