சூரிச்சில் குடித்த தண்ணீர்

சிவராஜ் சூரிச்சிலிருந்து வந்த மறுநாள் காலை, வேப்பனப்பள்ளிக்குப் பக்கத்தில் இருந்த அவன் வீட்டு முற்றத்தில் சனம் கூடிவிட்டது. அவன் வேலை பார்க்கும் ஓசூர் கம்பெனிக்கு வரப்போகும் புது மெஷினைப் பழகிவர இரண்டு ஆபரேட்டர்களை அனுப்பியிருந்தார்கள். ஒருவன் சிவராஜ். இன்னொருவன் முனிராஜ், அதே ஊர்க் காலனிக்காரன்.

சிவராஜுக்கு வாய் ஓயவில்லை. ஊரை ஒட்டி ஏரி, அதிலிருந்து புறப்படும் ஆறு வீதிகளுக்கு நடுவே ஓடுகிறது என்றான். வேலை விட்டதும் பேங்க் அதிகாரியும் டிராம் ஓட்டுகிறவரும் ஒன்றாகத் தண்ணீரில் குதிக்கிறார்களாம். தெருவுக்குத் தெரு கல்தொட்டியில் குழாய் கொட்டுகிறது, யாரும் கையேந்திக் குடிக்கலாம். அந்த ஊர்க்காரர்கள் அதிகம் பேசமாட்டார்கள். டிராம் கொஞ்சம் பிந்தினாலும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். கேண்டீனில் தரை துடைக்கும் அம்மாவும் மேனேஜரும் ஒரே மேஜையில் சாப்பிட்டதைச் சொன்னபோது, பெரியப்பா திம்மப்பன் நெகிழ்ந்துபோனார்.

"மனுசங்கன்னா அவங்கதான்" என்றார்.

அப்போது முனிராஜ் வந்தான். தன் பையில் கலந்து வந்துவிட்ட சிவராஜின் ஸ்வெட்டரைக் கொடுக்க வந்தவன், கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். உள்ளே வாடா என்று சொல்ல சிவராஜ் வாயெடுத்தான். அப்பா மாதப்பன் நிமிர்ந்து பார்த்தார். சிவராஜ் கேட்டுவரை போய் ஸ்வெட்டரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

அம்மா ராஜாத்தி எல்லோருக்கும் டம்ளரில் காபி கொடுத்தாள். முனிராஜுக்கு மட்டும் பேப்பர் கப்பில் ஊற்றி மதில்மேல் வைத்தாள். சூரிச்சில் இருவருக்கும் ஒரே அறை, ஒரே குக்கர். காய்ச்சலில் சிவராஜ் படுக்கையிலேயே வாந்தி எடுத்தபோது, அதைக் கழுவிவிட்டுக் கஞ்சி ஊட்டியவன் முனிராஜ். சிவராஜ் தன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த ஊர் எப்படி என்று திம்மப்பன் முனிராஜையும் கேட்டார்.

"நல்ல சனங்க. அண்ணன் சொன்னதெல்லாம் நெசந்தாங்க."

சூரிச்சில் சிவராஜை வாடா போடா என்று பேசியவன், இங்கே அண்ணன் என்றான். வயதிலும் அவன்தான் மூத்தவன். காபியைக் குடித்து, கப்பைக் கசக்கிக் கையிலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

 சிவராஜ் ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு எழுந்து காலனிக்கு நடந்தான். முனிராஜின் வீடு எது என்று தெரியவில்லை. பிறந்த ஊரில், குழாயடியில் நின்ற பெண்ணிடம் வழி கேட்க வேண்டியிருந்தது.

முனிராஜ் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். சிவராஜ் தட்டுத்தடுமாறி மன்னிப்புக் கேட்டான்.

"இங்க சொல்றது சுலுவுடா," என்றான் முனிராஜ், தலை நிமிராமல். "உங்கப்பன் முன்னால ஒரு வார்த்த வந்துச்சா?"

சிவராஜ் திரும்பி வந்தபோது சனம் இன்னும் கலையவில்லை. ஏரியைப் பற்றி மீதியையும் சொல்லச் சொன்னார்கள்.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்ப முனிராஜ் கையாலதான் சாப்பிட்டேன்" என்றான். "அவன் என்னைவிடப் பெரியவன். அவன இன்னிக்கு வாசல்ல நிக்க வெச்சிட்டேன்."

ராஜாத்தி முந்தானையால் வாயைப் பொத்தினாள். மாதப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். ஒவ்வொருவராக எழுந்தார்கள். திம்மப்பன்கூட அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

சொல்லிவிட்டதில் சிவராஜுக்குப் பாரம் இறங்கவில்லை. கேட்டுக்கு வெளியே முனிராஜ் நின்றபோது வந்திருக்க வேண்டிய பேச்சு அது.