ஊறுகாய் ஜாடியில் தோட்டாக் கூடு

"இது யாரையாவது கொன்றிருக்கிறதா?" என்று கேட்காத வெளிநாட்டுக்காரன் அந்தக் கடைக்கு இன்னும் வந்ததில்லை. கேட்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வான்; கண் மட்டும் மினுங்கும். சாமில் உடனே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு பெருமூச்சு விடுவான். அந்தப் பெருமூச்சுக்கே தோட்டாக் கூட்டுப் பேனா விற்றுவிடும். உள்ளே பட்டறையில் உட்கார்ந்திருக்கும் ஹைரியா சுத்தியலை இன்னும் ஓங்கித் தட்டுவாள்.

சாமில் அவளுடைய கொழுந்தன். சரயேவோவின் செம்புக் கொல்லர் சந்தில் கடை அவனுடையது, கை அவளுடையது. துப்பாக்கித் தோட்டாவின் வெற்றுக் கூட்டை வினிகரில் ஊறப்போட்டு, மெருகேற்றி, மைக்குழல் செருகி, மேலே சிற்றுளியால் பூவோ பெயரோ தட்டிக் கொடுப்பாள்.

தொண்ணூறுகளில் எதிரிப்படை சுற்றியுள்ள மேடுகளில் ஏறி ஊரை வளைத்துச் சுட்ட முற்றுகைக் காலத்துக் கூடுகள் தீர்ந்து எத்தனையோ காலமாகிறது. இப்போது வருவதெல்லாம் சுடும் பயிற்சி மன்றத்துக் குப்பை. அட்டைப் பலகையைத் தவிர அவை யாரையும் தொட்டதில்லை. அதனால்தான் அவளால் இந்தப் பிழைப்பைச் சகிக்க முடிந்தது. பழைய அசல் கூடுகளும் ஊரைக் காத்த பையன்கள் சுட்டவைதான். தோட்டா அடிபட்டவனுக்குப் போகும், கூடு சுட்டவன் காலடியில் விழும். கீழே இருந்தவர்களுக்கு மேட்டிலிருந்து தோட்டாதான் வந்தது. கூடுகள் மேட்டிலேயே தங்கிவிட்டன.

அன்று காலை சாமில் ஓர் ஊறுகாய் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்தான். வாயெல்லாம் பல்.

"அண்ணி, அசல் சரக்கு. மேட்டுல இருந்து. முற்றுகையப்ப சுட்டது."

"யார் குடுத்தா?"

"ஒருத்தன் அப்பா செத்துட்டாராம். வீட்ட ஒழிச்சப்ப நிலவறைல இருந்துச்சாம். காசு வேணாமாம். ஒரு கூட்டுல மட்டும் அப்பா பேரத் தட்டிக் குடுத்தாப் போதுமாம். மதியம் வருவான். நாளைக்கு ஒரு சுற்றுலாக் கூட்டம் வருது, மிச்சத்த அவங்களுக்குத் தள்ளிடலாம்."

அவள் மூடியைத் திறந்தாள். மிளகாய் ஊறுகாயின் புளித்த வாடை இன்னும் இருந்தது. கூடுகள் துடைத்து வைத்தாற்போல் சுத்தமாக அடுக்கியிருந்தன. சண்டையில் சுடுகிறவன் காலால் தள்ளிவிட்டுப் போவான். ஒவ்வொன்றாகக் குனிந்து எடுத்து, துடைத்து, ஜாடியில் போட்டு மூடி வைத்தவன் என்ன ஜென்மம்? மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த ஊறுகாய் மிளகாயை அப்படியே குப்பையில் கொட்டினாள்.

வந்தவனுக்கு நாற்பது வயதிருக்கும். மரியாதையான ஆள். பெயர் எழுதிய காகிதத்தை இரண்டு கையாலும் நீட்டினான். அந்தப் பெயரை இங்கே சொல்வதற்கில்லை, அதற்குத் தகுதியில்லை.

சாமில் காபி ஊற்றிக் கொடுத்தான். ஹைரியா ஒரு கூட்டுக்குள் இரும்புக் கம்பியைச் செருகிப் பிடியில் இறுக்கினாள்.

"உங்க வீடு எங்க தம்பி?" என்று பேச்சுக்குக் கேட்டாள்.

"மதுக்கூடத் தெருவுக்கு நேர் மேல, மேட்டுலம்மா. எங்க பால்கனில நின்னா கீழ இருக்கற தண்ணிக் குழாய் வரைக்கும் தெரியும். நான் சின்னப் பையனா இருந்தப்பத் தெரியாது. முன்னால பெரிய அக்ரூட் மரம் ஒண்ணு மறைச்சுக்கிட்டு நின்னுச்சு."

எடுத்த உளி கையிலேயே நின்றது. அந்த மரம் கீழே எல்லாருக்கும் தெரியும். முற்றுகையில் மற்றக் குழாய்களில் தோட்டா பட்டு ஆள் விழுந்துகொண்டிருந்தபோது, இந்த ஒரு குழாயில்தான் பயமில்லாமல் வரிசை நின்றது. மேலே அக்ரூட் மரம் மறைக்கிறது, அங்கே போங்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லி அனுப்பினார்கள். ஹைரியாவும் அப்படித்தான் தன் கணவன் எஷ்ரஃபை அனுப்பினாள். போகச் சொன்னது அவள் வாய்தான்.

"அந்த மரம் என்னாச்சு?"

"அப்பா வெட்டிட்டாரு. விறகுக்குன்னாரு."

"எரிச்சீங்களா?"

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "இல்லம்மா. அங்கயே கெடந்து உளுத்துப் போச்சு. ஏன்னு நான் கேட்டதில்ல."

ஹைரியா தட்ட ஆரம்பித்தாள். முடித்து, மைக்குழலைப் பொருத்தி, துணியால் துடைத்து அவன் கையில் வைத்தாள்.

அவன் படித்துவிட்டு நிமிர்ந்தான். "எஷ்ரஃப்னு போட்டிருக்கீங்க. இது எங்கப்பா பேரு இல்லம்மா."

"இல்ல. மரத்த வெட்டினதும் உங்கப்பா கண்ணுக்குத் தெரிஞ்ச ஆளு. கையில ரெண்டு தண்ணிக் கேனு வச்சிருந்தாரு. என் புருஷன்."

அவன் பேனாவைச் சூடு பட்டவன் போல மேஜையில் போட்டான். ஜாடியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு கதவில் தோளை இடித்துக்கொண்டு வெளியே போய்விட்டான். அவன் மீது அவளுக்குக் கோபம் வரவில்லை. ஜாடி மீதுதான் வந்தது.

சாமில் முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். பேனாவை எடுத்து அண்ணன் பெயரை விரலால் தடவினான். வெகுநேரம் தலை நிமிரவில்லை. எஷ்ரஃபைக் குழாயடியிலிருந்து கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்தவன் அவன். அழட்டும் என்று ஹைரியா காத்திருந்தாள். இத்தனை வருஷம் அவனுடைய பெருமூச்சுகளைக் கேட்டுச் சலித்தவளுக்கு, இன்றாவது அது நிஜமாக இருக்கும் என்று தோன்றியது.

"அண்ணி," என்றான் மெதுவாக.

"சொல்லு."

"இந்தக் கதையோட சேத்துச் சொன்னா, நாளைக்கு வர்றவன் ஜாடியோட வாங்கிட்டுப் போவான்."

அவள் அவனையே பார்த்தாள். மேட்டிலிருந்து வந்தவனிடம் வராத அருவருப்பு இவனிடம் வந்தது. அங்கேயே காறித் துப்பினாள். பிறகு ஜாடியைப் பட்டறைக் கல்லில் கவிழ்த்தாள். பெரிய சுத்தியலை எடுத்தாள். முதல் கூடு ஒரே அடியில் தகடாகிப் போனது. இரண்டாவதும் அப்படியே. கடைசியில் அவன் கையிலிருந்த பேனாவையும் பிடுங்கி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள். மை தெறித்து அவள் இடுப்பில் கட்டியிருந்த துணியெல்லாம் நீலமானது.

சத்தம் கேட்டு வாசலில் இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் நின்றுவிட்டார்கள். ஒருத்தி கைபேசியை உயர்த்திப் படம் பிடித்தாள்.

சாமில் எழுந்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"வாங்க, வாங்க," என்றான். "எல்லாம் கையால செய்றது."