குளோரின் அறைக்கு இரண்டாவது ஆள்

வேலைநிறுத்தத்தன்று காலையில் மகேஷ்குமார் கேட்டுக்குள் நுழைந்தபோது யாரும் அவனைத் தடுக்கவில்லை. தடுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தவள் ஜெஸ்லின். லிங்கராஜ் மட்டும் அவன் காலடியில் காறித் துப்பினான். மகேஷ் தலையைத் தூக்காமல் உள்ளே போனான்.

விதுராவுக்குப் போகும் சாலையில், ஆற்றுத் தண்ணீரைச் சுத்தம் செய்து திருவனந்தபுரத்துக்கு அனுப்பும் நிலையம் அது. ஜெஸ்லினும் லிங்கராஜும் அங்கே நிரந்தர ஆபரேட்டர்கள். யூனியனின் கிளைச் செயலாளரும் ஜெஸ்லின்தான். மகேஷ் ஒப்பந்தத்தில் இருப்பவன். நாங்குநேரிப் பக்கமிருந்து திருவனந்தபுரம் பழவங்காடிக்கு ஹோட்டல் வேலைக்கு வந்தவர்களின் மகன். தமிழும் மலையாளமும் கலந்தேதான் பேசுவான்.

அந்த வருஷம் பட்ஜெட்டில் துறைக்கு ஒதுக்கீட்டைக் குறைத்துவிட்டார்கள். ஒப்பந்த ஆட்களில் பாதிப்பேரை எடுத்துவிட்டு, ஒரு ஷிப்டுக்கு இரண்டு பேர் என்றிருந்ததை ஒருவராக்கி உத்தரவு வந்தது. குளோரின் சிலிண்டர் அறைக்குள் ஒருவர் போனால் வாசலில் இன்னொருவர் நிற்க வேண்டும் என்பது வேலைக்குச் சேருகிற முதல் நாளே சொல்லித் தருகிற விதி. இனி அந்த விதி என்ன ஆகும் என்று ஜெஸ்லின் என்ஜினியரிடம் கேட்டாள். உத்தரவு நிதித்துறையிலிருந்து வந்தது, தன் கையில் ஒன்றுமில்லை என்றார் அவர். அதற்குப் பிறகுதான் ஒரு நாள் வேலைநிறுத்தம் என்று யூனியன் முடிவெடுத்தது. ஊருக்குத் தண்ணீர் நின்றுவிடக் கூடாது என்று தொட்டிகளை முந்தின நாளே நிரப்பி வைத்தார்கள்.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் மகேஷ் அவளிடம் வந்து நின்றான்.

"அக்கா, நாளைக்கு நான் டூட்டிக்கு வருவேன். வந்தா என் பேரை எடுக்க மாட்டோம்னு என்ஜினியர் சார் சொல்லியிருக்கார்."

"இந்தச் சமரம் யாருக்காகன்னு தெரியுமில்லியா?"

"எனக்காகத்தான். ஆனா தோத்துப்போச்சுன்னா மொதல்ல வெளிய போறதும் நான்தானே."

விழிஞ்ஞத்தில் இருக்கும் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை அவன் சொன்னதே ஜெஸ்லினின் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

வேலைநிறுத்தத்தன்று வெயில் ஏறத் தொடங்கியபோது சைரன் ஒலித்தது. கேட்டுக்கு வெளியே கோஷம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடினார்கள். கொஞ்ச நேரத்தில் மூக்கை அறுப்பதுபோல குளோரின் வாடை வந்தது. மகேஷின் போனுக்கு அடித்துக்கொண்டே இருந்தார்கள். மணி போனது, அவன் எடுக்கவில்லை.

கேட்டில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் தீயணைப்பு நிலையத்துக்குப் பேசிவிட்டு, டவுனிலிருந்து வண்டி வர நேரமாகும் என்றார். காற்று நிலையத்துக்குக் கீழே இருந்த சரிவை நோக்கி வீசியது. சரிவில் வீடுகளும் ஓர் அங்கன்வாடியும் இருந்தன. ஜெஸ்லின் அங்கிருப்பவர்களை அப்புறப்படுத்த இரண்டு பேரை ஓடச் சொல்லிவிட்டு கேட்டைத் திறந்தாள். லிங்கராஜ் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உள்ள போனா நாமதான் பண்ணினோம்னு நம்ம தலையில கட்டிருவாங்க. இன்னிக்கு நாம கேட்டுக்கு வெளிய நிக்கிறதுதான் நமக்குப் பாதுகாப்பு."

"உள்ள அவன் கிடக்கான், லிங்கராஜ்."

கையை உதறிவிட்டு அவள் ஓடினாள். ஆபீஸ் கட்டடத்தைத் தாண்டும்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் லிங்கராஜ் கயிற்றுச் சுருளோடு வந்துகொண்டிருந்தான். வாசலில் ஆள் இல்லாமல் அவளை உள்ளே விட முடியாது என்று முனகிக்கொண்டே அவள் இடுப்பில் கயிற்றைக் கட்டினான்.

சுவரில் இரண்டு மூச்சுக் கருவிகள் தொங்க வேண்டும். ஒன்றுதான் இருந்தது. அதில் காற்றின் அளவைக் காட்டும் முள்ளும் பாதிக்குக் கீழே நின்றது. காற்று நிரப்பக் கேட்டதற்கு நிதி வரட்டும் என்று பதில் வந்து மாசக்கணக்காகிவிட்டது. ஜெஸ்லின் அதை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

தரையோடு தரையாகப் பச்சை மஞ்சளில் புகை கிடந்தது. மகேஷ் சிலிண்டருக்கும் வாசலுக்கும் நடுவில் குப்புற விழுந்து கிடந்தான். அவன் மாட்டியிருந்த கருவியில் காற்று தீர்ந்திருந்தது. முகமூடியைப் பிய்த்துவிட்டு வாசலை நோக்கித் தவழ்ந்திருக்கிறான், வாசலை எட்டவில்லை. சிலிண்டரின் வால்விலிருந்து வாயு சீறிக்கொண்டிருந்தது. முதலில் வால்வா, மகேஷா என்று ஒரு கணம் திகைத்து நின்றாள். பிறகு அவன் அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். வாசலில் லிங்கராஜ் ஈரத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு குனிந்து, அவனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, கயிற்றின் நுனியை ஒரு கையில் பிடித்தபடியே காற்று வரும் பக்கமாக நகர்ந்தான்.

ஜெஸ்லின் திரும்பவும் உள்ளே போனாள். வால்வுச் சாவி அசையவில்லை. காற்று தீரப்போகிறது என்று கருவி விசிலடிக்க ஆரம்பித்தது. சாவியின் மேல் உடம்பு முழுவதையும் சாய்த்து அழுத்தினாள். கொஞ்சம் நகர்ந்தது. மறுபடி அழுத்தினாள். சீறல் மெலிந்து நின்றபோது அவளுக்கு மூச்சு கிடைக்கவில்லை. இடுப்புக் கயிறு இழுத்த பக்கமாக எப்படியோ வெளியே வந்து மண்ணில் விழுந்தாள்.

சரிவில் யாருக்கும் பெரிய ஆபத்தில்லை. கண்ணெரிச்சலோடு தப்பினார்கள். ஆனால் வேலைநிறுத்தக்காரர்கள் உள்ளே புகுந்தார்கள், குளோரின் கசிந்தது என்று சாயங்காலச் செய்தியில் சொன்னார்கள். எது முன்னால் நடந்தது என்பதை மாற்றிவிட்டார்கள். கேட்டில் நின்ற போலீஸ்காரரும் தனக்குச் சரியாக ஞாபகமில்லை என்றுவிட்டார். அடுத்த நாள் நாசவேலைச் சந்தேகம் என்று ஜெஸ்லினும் லிங்கராஜும் சஸ்பெண்ட் ஆனார்கள். உள்ளே நடந்ததைப் பார்த்த மூன்றாவது ஆள் மகேஷ் மட்டும்தான்.

அவனுக்குப் பேச்சு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு ஜெஸ்லின் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வராந்தாவில் என்ஜினியர் எதிரே வந்தார். அவளைப் பார்த்ததும் போனைக் காதில் வைத்துக்கொண்டு கடந்துபோனார்.

மகேஷின் குரல் கரகரவென்று வந்தது. காலையில் லிங்கராஜ் சிலிண்டர் அறைப் பக்கம் போனதைப் பார்த்ததாக விசாரணையில் சொல்ல வேண்டுமாம். சொன்னால் வேலையை நிரந்தரமாக்க என்ஜினியர் சிபாரிசு செய்வாராம். இதைச் சொல்லிவிட்டு அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். ஜெஸ்லினுக்குக் கெஞ்சத் தோன்றியது, திட்டவும் தோன்றியது. இரண்டையும் அடக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

பின்னாலேயே அவன் மனைவி கௌசல்யா வந்தாள்.

"அவரு உள்ளதைச் சொன்னா வேலை போயிரும். போனா உங்க யூனியன் வாங்கிக் குடுக்குமா அக்கா?"

வாங்கித் தருவோம் என்று சொல்லிவிட்டால் போதும். அந்த வார்த்தை ஜெஸ்லினின் நாக்கு நுனிவரை வந்தது.

"கேஸ் போடுவோம். கடைசிவரைக்கும் நான் கூட நிப்பேன். ஜெயிப்போம்னு மட்டும் என்னால சொல்ல முடியாது."

கௌசல்யா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

விசாரணை நாளில் மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஓரமாக என்ஜினியர். மகேஷ் சுவரோரம் இருந்த ஜெஸ்லினையும் லிங்கராஜையும் பார்க்கவே இல்லை. யாரையாவது அந்த அறைப் பக்கம் பார்த்தாயா என்று தலைமை அதிகாரி கேட்டார். அவன் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான்.

"யாரையும் பாக்கலை சார். வால்வுல கசிவு இருந்தது, நான் மூடப் போனேன். தனியாத்தான் போனேன். வாசல்ல ஒரு ஆள் நின்னிருந்தா நான் அங்க கிடந்திருக்க மாட்டேன். இவங்க ரெண்டு பேரும் வந்தது நான் விழுந்த பிறகு."

இதை மலையாளத்திலும் ஒருமுறை சொன்னான். ஆஸ்பத்திரியில் தன்னிடம் என்ன சொல்லச் சொன்னார்கள், யார் சொன்னார்கள் என்பதையும் சொன்னான். என்ஜினியர் எழுந்திருக்கப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தார்.

சஸ்பென்ஷன் நீங்கியது. குளோரின் அறை இருக்கிற நிலையங்களில் மட்டும் ஷிப்டுக்கு இரண்டு பேர் என்று உத்தரவைத் திருத்தினார்கள். மற்ற வெட்டுகள் அப்படியே இருந்தன. என்ஜினியரை வேறு ஜில்லாவுக்கு மாற்றினார்கள். மகேஷின் ஒப்பந்தம் முடிந்தபோது அதைப் புதுப்பிக்கவில்லை. காரணமும் சொல்லவில்லை.

கேஸ் போடுவது பற்றி யூனியன் கூட்டத்தில் பெரிய வாக்குவாதம் நடந்தது. வேலைநிறுத்தத்தை உடைத்தவனுக்காக யூனியன் ஏன் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்று பலர் கேட்டார்கள். மகேஷுக்காக எழுந்து மல்லுக்கு நின்றவன் லிங்கராஜ். அன்று அவன் காலடியில் துப்பியது நான்தான், நானே கேட்கிறேன், போடுங்கள் என்றான். சின்ன வித்தியாசத்தில்தான் தீர்மானம் நிறைவேறியது.

கேஸ் இன்னும் நடக்கிறது. மகேஷ் இப்போது விழிஞ்ஞத்தில் துறைமுகக் கட்டுமான வேலைக்குப் போகிறான். போன வாய்தாவுக்கு அரை நாள் லீவு போட்டு வந்திருந்தான். கோர்ட் வராந்தாவில் ஜெஸ்லின் அவனிடம், உன் வேலை போய்த்தான் என் வேலை திரும்பி வந்தது, அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை என்றாள்.

அவன் இருமத் தொடங்கினான். இருமல் இன்னும் அவனை விடவில்லை. அது அடங்கியதும், "அன்னிக்கு நீங்க மொதல்ல வால்வுக்குப் போயிருந்தா நான் இங்க நிக்க மாட்டேன் அக்கா," என்றான். "ஆனா வேலை எனக்குத் திரும்ப வேணும். அதையும் விட மாட்டேன்."

உள்ளே அவர்கள் கேஸைக் கூப்பிட்டார்கள். போன உடனேயே ஒத்திவைத்தார்கள். மகேஷ் அடுத்த தேதியைக் கேட்டுக்கொண்டு, மதிய ஷிப்டைப் பிடிக்க பஸ்ஸுக்கு ஓடினான்.